நந்திக்கடல் கரைச் சேறு ஏன் கறுப்பு?

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்புக் கரையில் காணி உள்ள ஒருவர் கேட்டிருக்கிறார். வைகாசி கழிந்து தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரம் மேலே மெல்லியதாக மண்ணிறச் சேறு, அதற்குக் கீழே தார் போலக் கறுப்பு. கிளறினால் கூழ்முட்டை நாற்றம். போன வருடம் ஒரு விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. போர்க்கால வெடிமருந்து சேற்றில் ஊறி நஞ்சாகிவிட்டது என்று அவருடைய மாமா சொல்கிறார். அந்தக் கருஞ்சேற்றை அள்ளி வரம்பில் போட்டு, குழிக்குள் சுண்ணாம்பு தூவி இறால் வளர்க்கலாமா என்பது கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது இந்தச் சேறு செத்துவிட்டதா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. 2009க்குப் பிறகு அந்தக் கரையைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்வி வரும். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

சேறு சாகவில்லை. அந்தக் கறுப்பும் நாற்றமும் நோயின் அடையாளமே அல்ல. உப்புநீர் ஏறி இறங்குகிற சதுப்பு எங்கே இருந்தாலும், அமெரிக்காவின் ஜோர்ஜியாக் கரையாக இருந்தாலும் சரி, நம் கொக்கிளாயாக இருந்தாலும் சரி, ஒரு கைப்பிடி ஆழத்தில் இதே கறுப்பைக் காணலாம். என் அப்பப்பா வீச்சு வலை எறிந்த 1970களிலேயே இந்தக் கறுப்பு அவர் முழங்கால் வரை ஒட்டியிருக்கும். அப்பம்மா வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நிற்பா. நான் மண் நுண்ணுயிரியல் படித்து, இருபது வருடத்துக்கு மேலாக உவர் மண்ணோடும் சேற்றோடும் வேலை செய்கிறவன். இந்தப் பகுதியை உறுதியாகவே சொல்கிறேன்.

கறுப்பு எப்படி வருகிறது? சேற்றுக்குள் ஒட்சிசன் சில மில்லிமீற்றர் ஆழம்தான் இறங்கும். மேலே இருக்கிற நுண்ணுயிர்களே அதை மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். கீழே இருப்பவை வேறு ஏதாவது ஒன்றை வைத்துத்தான் மூச்சு விட வேண்டும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதே ஒரு லீற்றரில் சல்பேற்று, அதாவது கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த உப்பு, ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் இருக்கிறது. இவ்வளவு சொத்து கரைந்து கிடக்கும்போது உயிர் அதைச் சும்மா விடுமா? சல்பேற்றை மூச்சாக எடுத்து, இலை தழையையும் செத்த பாசியையும் செரித்து, ஐதரசன் சல்பைட்டை வெளியே விடுகிற பற்றீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. கூழ்முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு இரும்பைச் சந்தித்தால் கறுப்பான இரும்புச் சல்பைட்டு ஆகிறது. இரும்பு எங்கிருந்து வருகிறது? பேராற்று வெள்ளத்தோடும் சிறு அருவிகளோடும் நந்திக்கடலுக்கு வந்து சேர்கிற நம் வன்னிச் செம்மண்ணிலிருந்து. உங்கள் காலில் ஒட்டுகிற கறுப்பு, காட்டு மண்ணின் சிவப்பும் கடலின் கந்தகமும் கலந்த நிறம்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கட்டி கருஞ்சேற்றை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில், சில வேளை அதற்கு முன்பே, மேற்பரப்பு சாம்பல் நிறமாகிப் பிறகு மண்ணிறமாகும். காற்றுப் பட்டு இரும்பு மறுபடி துருவாகிறது. எண்ணெயோ தாரோ கலந்த சேறு என்றால் அப்படி நிறம் மாறாது. தண்ணீரில் போட்டால் மேலே பளபளவென்று படலம் ஓடும், அதைக் குச்சியால் கலைத்தால் மீண்டும் ஒன்றுகூடும். குச்சி பட்டதும் கண்ணாடித் துண்டு போல உடைந்து பிரிகிற படலம் எண்ணெய் அல்ல, இரும்புப் பற்றீரியா விட்ட படலம். இதை வைத்தே பல பேர் பயந்திருக்கிறார்கள்.

முத்தையன்கட்டுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ இறங்கினவர்களுக்கு இன்னொரு வித்தியாசம் தெரியும். குளத்துச் சேற்றை மிதித்தால் குமிழி குமிழியாக வாயு வரும், ஆனால் கூழ்முட்டை நாற்றம் அவ்வளவாக இராது. நன்னீரில் சல்பேற்று குறைவு. அதனால் அங்கே அடிச்சேற்றின் கடைசி வேலையை மெதேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் என்ற வேறொரு வகை நுண்ணுயிர்கள் செய்கின்றன. களப்பில் சல்பேற்றுக்காரர்கள், இரு சாராருக்கும் உணவான ஐதரசனையும் அசற்றேற்றையும் முந்திப் பிடித்துவிடுவதால் மெதேன் அடங்கியிருக்கும். மாரியில் வெள்ளம் வந்து களப்பு நன்னீராகும் வாரங்களில் அந்தச் சமநிலை கொஞ்சம் மெதேன் பக்கம் சாயும். வட்டுவாகலில் மணல் திட்டு வெட்டுப்பட்டுக் கடல் உள்ளே வந்ததும் திரும்பவும் மாறும். ஒரே சேறு, வருடத்தில் இரண்டு ஆட்சி.

இந்தப் பற்றீரியா புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஒல்லாந்தரான பெயரிங்க் 1895இல் முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, சல்பைட்டை எரித்தே வாழ்கிற வெள்ளை நூல் போன்ற பற்றீரியாவைக் காட்டியிருந்தார். சதுப்பின் அழுகல் வேலையில் பெரும்பங்கு சல்பேற்று வழியாகவே நடக்கிறது என்று அமெரிக்காவின் மசசூசெற்ஸ் சதுப்பு ஒன்றில் ஹவார்த், ரீல் இருவரும் 1979இல் அளந்து காட்டினார்கள். உழைப்பாளியைப் பார்த்து நஞ்சு என்று சொல்லிவிட்டோம் என்பதே என் வருத்தம். கண்ணா மரத்து இலை, உமிரியின் தண்டு, சாதாளை, வெள்ளத்தோடு வந்த வைக்கோல், எல்லாவற்றையும் உடைத்து அதிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் திரும்ப மேலே அனுப்புவது இவைதான். இறாற்குஞ்சு கடலை விட்டு ஏன் களப்புக்குள் வருகிறது? அந்தச் சாப்பாட்டுக்காகவும்தான்.

சரி, கறுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சில வாரங்களில், தண்ணீர் விலகி ஈரம் மட்டும் நிற்கிற இடத்தில், தோல் போல உரிகிற ஒரு படை இருக்கும். கத்தியால் கேக் வெட்டுவது போல ஒரு சதுரம் வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பொன்னிற மண்ணிறம், அது டயற்றம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசி. அதன் கீழே கரும்பச்சை, அது நீலப்பச்சைப் பற்றீரியா. ஒரே உறைக்குள் பல இழைகள் கயிறு போல முறுக்கிக் கிடக்கும், மணலைப் பிடித்துக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதன் கீழே, நல்ல இடமாக இருந்தால், ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு. இந்த ஊதாப் பற்றீரியாவும் வெளிச்சத்தில்தான் வாழ்கிறது, ஆனால் பச்சைக்காரன் எடுத்துக்கொண்டு மிச்சம் விட்ட, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். பச்சைக்காரன் எடுக்கிற தண்ணீருக்குப் பதிலாக, இது கீழே இருந்து வரும் சல்பைட்டை எடுக்கிறது. அதனால் நாற்றம் மேலே வருமுன் பாதி வழியிலேயே பிடிபட்டுவிடுகிறது. அதற்கும் கீழேதான் கறுப்பு. இவ்வளவும் ஒரு சென்ரிமீற்றருக்குள். ஊதாக் கோட்டை முதன்முதலில் பூதக்கண்ணாடியில் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

அந்தப் படையின் மேல் உழவு இயந்திரம் ஓட்டாதீர்கள். சோளகக் காற்று தொடங்கும்போது கரை மணலையும் உப்புத் தூளையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். சக்கரத் தடம் விழுந்த இடத்தில் படை உடைந்து, காற்று முதலில் அங்கேதான் கிளப்பும்.

இன்னும் ஒன்று. 2010இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலடிச் சேற்றில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கு மின்னோட்டம் ஓடுவதைக் கண்டார்கள். அதை ஓட்டுவது நீளமான கம்பி போன்ற பற்றீரியா என்று 2012இல் தெரியவந்தது. ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் வரிசையாகச் சேர்ந்து, அடியில் சல்பைட்டிலிருந்து எடுத்த இலத்திரனை மேலே ஒட்சிசன் இருக்கும் இடத்துக்குக் கடத்துகின்றன. உப்புச் சதுப்புகளிலும் இவை உள்ளன. நந்திக்கடலிலும் இருக்கும் என்பது என் ஊகம். இருக்கக்கூடாததற்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஊகத்தை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உமிரியைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி ஆரஞ்சு நிறத் துரு குழாய் போல ஒட்டியிருக்கும். நண்டு வளையின் சுவரிலும் அதே துருவைக் காணலாம். வேர் தன் உடம்புக்குள்ளால் காற்றைக் கீழே கொண்டுபோய்க் கொஞ்சம் கசிய விடுகிறது, நண்டு வளை வழியாகக் காற்றும் தண்ணீரும் உள்ளே போகின்றன. அந்த ஆரஞ்சு வளையத்துக்குள் சல்பைட்டு செல்லாது. உமிரியும் கண்ணாவும் கருஞ்சேற்றில் நிற்பதன் இரகசியம் அது. ஆகவே உங்கள் காணிச் சேறு நலமா என்று பார்க்க, கறுப்பைப் பார்க்க வேண்டாம். நண்டு வளை எத்தனை, வேரைச் சுற்றித் துரு இருக்கிறதா, மேலே ஒரு மண்ணிறத் தோல் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு மேற்பரப்பு வரை வந்து, வளை ஒன்றும் இல்லாமல், வெள்ளைப் பஞ்சு போலப் படை மூடிக் கிடந்தால்தான் அங்கே அழுகல் மிஞ்சிவிட்டது என்று சொல்லலாம்.

இனி மீன். நான் அன்று கரையில் இல்லை, அதனால் இது நேரத்தை வைத்துச் சொல்கிற ஊகம். விடியற்காலையில் செத்த மீன் பெரும்பாலும் மூச்சுத் திணறிச் செத்த மீன். பகலில் பாசி ஒட்சிசன் தரும். இரவில் பாசியும் மீனும் பற்றீரியாவும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். விடியுமுன்தான் அது மிகக் குறைவு. முகத்துவாரம் மூடி, தண்ணீர் முழங்காலளவாகிச் சூடேறிய நாட்களில் கையிருப்பே கொஞ்சம். அந்த நேரம் பெருங்காற்றோ திடீர் மழையோ அடியைக் கலக்கினால், கருஞ்சேறு மேலே வந்து இருந்த ஒட்சிசனையும் உறிஞ்சும், சல்பைட்டும் செவுளில் படும். இங்கே சேறு கொல்கிறது என்று சொன்னால் பாதி உண்மைதான். வயலிலிருந்து யூரியா வந்து பாசி மிதமிஞ்சி வளர்ந்ததா, முகத்துவாரம் எவ்வளவு நாள் மூடிக் கிடந்தது என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த முறை நடந்தால் செத்த மீனை எண்ணுவதோடு நேரம், காற்று, முந்தின நாள் வெயிலா மந்தாரமா என்பதையும் எழுதி வையுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு, தெளிந்த தண்ணீரில், ஒரே இன மீன் மட்டும் செத்தால் நான் சொன்னது பொருந்தாது. அப்போது வேறு காரணம் தேட வேண்டும்.

மாமா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் கண்ட நாட்களை வைத்து அவர் பேசுகிறார். ஆனால் வெடிபொருளின் எச்சம் சேற்றில் இருக்கிறதா என்பதை நிறத்தாலோ நாற்றத்தாலோ யாரும் சொல்ல முடியாது, நானும் முடியாது. ஈயம், செம்பு போன்றவற்றை ஆய்வுகூடத்தில் அளந்தால்தான் தெரியும். நான் உலோகப் பகுப்பாய்வுக்காரன் அல்ல. நுண்ணுயிர்ப் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஈயமும் செம்பும் துத்தநாகமும் சல்பைட்டோடு சேர்ந்தால் நீரில் கரையாத பொருளாகிப் படியும். காற்றில்லாத சேற்றில் ரீஎன்ரி போன்ற வெடிபொருள்களின் அமைப்பையும் பற்றீரியா மாற்றும், ஆனால் மாறிய பொருளெல்லாம் தீங்கற்றது என்று சொல்ல முடியாது. அங்கே உலோகம் இருந்தால், அதை மீனுக்கும் இறாலுக்கும் எளிதில் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் கருஞ்சேறுதான். மாமா சொல்வது சரியாக இருந்தால், சேற்றை அள்ளிக் காயப்போடாமல் இருப்பதற்கு அது இன்னொரு காரணம். அப்புறம் அந்தக் கரையில் மண்வெட்டி வைக்குமுன் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பத்து வருடம் நடந்த இடம்தானே என்று எண்ண வேண்டாம். தோண்டுவது நடப்பதைவிட ஆழம் போகும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கருஞ்சேற்றில் காலப்போக்கில் இரும்பும் கந்தகமும் பைரைற் என்ற கனிமமாக இறுகிக் கிடக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது எவருக்கும் தீங்கு செய்யாது. வெளியே அள்ளி வரம்பில் போட்டால் காற்றும் சில பற்றீரியாக்களும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாக்கும். பல வருடங்களுக்கு முன், வேறொரு களப்புக் கரையில், ஒரு குடும்பம் மீன்குழி வெட்டியபோது ஆலோசனை கேட்டார்கள். சேற்றில் மட்டிச் சிப்பி இருக்கிறது, அமிலத்தை அது தின்றுவிடும் என்று சொல்லிச் சோதிக்காமல் சரி என்றேன். ஆவணியில் வரம்பில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் வந்தன. ஐப்பசி மழையில் வரம்பு கழுவிக் குழிக்குள் ஓடியது. குழித் தண்ணீரின் பீஎச் 4க்குக் கீழே (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்). விட்ட குஞ்சு முழுவதும் போயிற்று. அவர்கள் அதற்காக நகை அடகு வைத்திருந்தார்கள். அந்த மஞ்சள் என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் அது வந்த பிறகு தெரிந்து என்ன பயன். மாத்தறையில் நில்வளா கங்கைப் பக்கம் வெள்ளத் தடுப்புக்காகச் சதுப்பு நிலத்தின் நீரை வடித்தபோதும் இதே அமிலம் வயலைக் கெடுத்தது. கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்களும் இதே குடும்பம்.

சுண்ணாம்பு போட்டால் சரிவருமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொன் உலர்ந்த சேற்றில் 10 கிலோ கந்தகம் பைரைற்றாக இருந்தால் அது ஏறத்தாழ 31 கிலோ கந்தக அமிலம் தரும். அதை நடுநிலையாக்க ஏறத்தாழ அதேயளவு சுண்ணக்கல் தூள் வேண்டும், அதுவும் சேற்றோடு நன்றாகக் கலந்தால். நூறு தொன் சேற்றுக்கு 3 தொன்னுக்கு மேல். குழியின் அடியில் ஒரு மூடை தூவுவது கண்துடைப்பு. அமிலம் வருவது அடியிலிருந்து அல்ல, வரம்பிலிருந்து.

உங்கள் காணிச் சேறு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மணல் கூடிய இடத்தில் பைரைற் மிகக் குறைவாக இருக்கலாம், சிப்பித் தூள் கூடிய இடத்தில் அமிலம் அங்கேயே அடங்கலாம். பத்து அடி தள்ளினால் வேறு கதை. அதனால் தோண்ட நினைக்கும் ஆழம் வரை, ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு கைப்பிடி எடுத்து, எடுத்த உடனேயே பீஎச் தாளால் பார்த்து எழுதுங்கள். பிறகு ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, மெல்லிய பொலித்தீன் பையில் காற்றுப் போகவிட்டு, ஈரம் காயாமல் இரண்டு மாதம் வையுங்கள். நன்னீர் தெளித்தால் போதும். எட்டு வாரத்தில் பீஎச் 7இலிருந்து 4க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் அந்த ஆழத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுக்காதீர்கள். பெரிதாக இறங்காமல் நின்றால், அந்த அளவில் உங்களுக்குப் பயம் குறைவு. ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி வெட்டினால் தனியாக இறங்க வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு கூடும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி மேலும் குனிந்தவர்கள் உண்டு. திறந்த கரையில் நடக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

இறால் வளர்ப்பையே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். குழி வெட்டி வளர்ப்பதை அந்தக் கரையில் நான் பரிந்துரைக்க மாட்டேன், அமிலத்தால் மட்டுமல்ல. புத்தளம், சிலாபம் பக்கம் 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து கைவிடப்பட்ட குழிகளைப் போய்ப் பாருங்கள். நந்திக்கடல் இறால் தானாக வருகிறது. முகத்துவாரம் உரிய நேரத்தில் திறந்து, கண்ணாவும் உமிரியும் கரையில் நின்று, சேறு கலங்காமல் கிடந்தால் குஞ்சு வரும். உங்கள் காணி தரவைப் பக்கம் மேடாக, கறுப்பே இல்லாத செம்மண்ணாக இருந்தால் கதை வேறு. அங்கே தாராளமாகப் பேசலாம். மாரி தொடங்குமுன் எட்டு வாரம் கிடைக்கும்படி பைகளை வைத்துவிடுங்கள். அரை அடிக்கு அரை அடி எடுத்த பீஎச் இலக்கங்களை எழுதி அனுப்பினால், எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.